சீருடையைக் களைந்த பின்னும் படைவீரரின் துணையாகத் தொடர்பவர்களுக்கு: அமெரிக்க இராணுவத்தில் ஆவணங்கள், செலவுகள், காலக்கெடுக்கள்

அமெரிக்க இராணுவத்தில் மருத்துவப் படைப்பிரிவில் ஐந்தாண்டுகள் பணியாற்றிவிட்டு நான் விடுபட்டபோது, என் கணவர் அதே இராணுவத்தில் பணியைத் தொடர்ந்தார். வீடும் மாறவில்லை, தினமும் கடந்து செல்லும் முகாம் வாசலும் மாறவில்லை. ஆனால் நேற்றுவரை என் பெயரையும் பதவியையும் கேட்ட அலுவலர்கள், மறுநாளிலிருந்து "உங்கள் ஸ்பான்சர் யார்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். யாருடைய பணியின் வழியே எனக்கு உரிமை வருகிறது என்பதே அதன் பொருள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது, எப்போது "என் உரிமைக்கு நானே பொறுப்பு" என்று சொல்வது என்பது தெரியாமல் முதல் பதினான்கு மாதங்களில் நான் இழந்தவை பல: ஒரு கல்விப் பருவத்தின் வீட்டுச் செலவுத் தொகை, இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய பல் சிகிச்சை, நான்கு மாதங்கள் தாமதமாக வந்த வீட்டுப்படி. என் நிலையில் இருக்கும் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் இவற்றை இழக்காமல் இருக்கட்டும் என்றே எழுதுகிறேன். மனைவி என்ற நிலையிலிருந்து நான் எழுதினாலும், மனைவி பணியில் இருக்க, கணவர் விடுபட்டிருக்கும் குடும்பங்களுக்கும் ஒவ்வொரு படியும் அப்படியே பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு அலுவலகத்திலும் உங்களுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது. மற்றொன்று திருமணத்தின் வழியே வருவது. சில இடங்களில் முதலாவது பணத்தை மிச்சப்படுத்தும், சில இடங்களில் இரண்டாவது. எதைப் பயன்படுத்துவது என்பதை எதிரில் இருக்கும் எழுத்தர் தீர்மானிக்க விடாதீர்கள். கணினித் திரையில் உங்கள் பெயருக்கு அருகில் "சார்ந்திருப்பவர்" என்று இருப்பதைப் பார்த்ததுமே அவர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

1. இரண்டு கோப்புகள், ஒரு நாட்காட்டி

இரண்டு தனித்தனிக் கோப்புகளைத் தொடங்குங்கள். முதல் கோப்பு உங்களுடைய பணிவாழ்க்கைக்கானது: டி.டி. 214 எனப்படும் பணிவிடுவிப்புச் சான்று, பணிக்கால மருத்துவக் குறிப்புகளின் முழு நகல், பல் மருத்துவக் குறிப்புகள், பதக்க ஆணைகள், வெளிநாட்டுப் பணி ஆணைகள், பயிற்சிச் சான்றிதழ்கள். இரண்டாவது கோப்பு துணை என்ற நிலைக்கானது: திருமணச் சான்றிதழ், கணவரின் தற்போதைய பணி ஆணை, இடமாற்ற ஆணைகள், அவருடைய மாதாந்தர ஊதியச் சீட்டு, உங்கள் சமூகப் பாதுகாப்பு அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ். திருமணச் சான்றிதழ் இரண்டு கோப்புகளிலும் இருக்க வேண்டும், ஏனெனில் உங்களுடைய ஊனமுற்றோர் இழப்பீட்டிலும் அது தேவைப்படும். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டிய நாட்கள் இவை. விடுவிப்பு நாளுக்கு 365 நாட்களுக்கு முன்பே, குடிமை வாழ்வுக்கு மாறுவதற்கான கட்டாயப் பயிற்சியைத் தொடங்கியிருக்க வேண்டும். 180 முதல் 90 நாட்களுக்கு முன், இழப்பீட்டு விண்ணப்பத்துக்கான சாளரம் திறந்திருக்கும். விடுவிப்புக்குப் பின் 90 நாட்களுக்குள் மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். 180 நாட்களுக்குள் பல் சிகிச்சைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 240 நாட்களுக்குள் ஆயுள் காப்பீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் இழப்பீட்டு விண்ணப்பமோ, விண்ணப்பிக்கும் நோக்கத்தைத் தெரிவிக்கும் படிவமோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

2. டி.டி. 214: கையெழுத்திடும் முன் அரைமணி நேரம்

இனி வரும் எல்லாப் படிகளும் இந்தத் தாளின் மேல்தான் நிற்கின்றன. வரைவு நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, பெயர், சமூகப் பாதுகாப்பு எண், பணி தொடங்கிய நாள், விடுபட்ட நாள், பதக்கங்கள் அனைத்தையும் உங்கள் கோப்புடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 13ஆம் கட்டத்தில் பதக்கங்கள் இருக்கும். வெளிநாட்டுப் போர்ப்பணிக்குரிய பதக்கம் விடுபட்டிருந்தால் பின்னால் மைய அரசு வேலைக்கான முன்னுரிமையே போய்விடும். 17ஆம் கட்டம், விடுவிப்புக்கு முந்தைய 90 நாட்களுக்குள் முழுமையான பல் பரிசோதனையும் சிகிச்சையும் தரப்பட்டனவா என்பதைச் சொல்லும். எனக்கு அப்படி எதுவும் தரப்படாதபோதும் "ஆம்" என்று அடித்திருந்தார்கள். நான் கவனிக்காமல் கையெழுத்திட்டேன். "இல்லை" என்று சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால், 180 நாட்களுக்குள் விண்ணப்பித்து, படைவீரர் நலத்துறையில் ஒருமுறை முழுப் பல் சிகிச்சையை இலவசமாகப் பெற்றிருப்பேன். பிறகு இரண்டு பற்களுக்கு என் கைப்பணத்தைச் செலவழித்தேன்.

சுருக்க நகல், விரிவான நகல் என இரண்டு வகை உண்டு. விடுவிப்பின் தன்மையும் காரணமும் விரிவான நகலில்தான் இருக்கும். நலத்துறை, கல்லூரி, வங்கி என எல்லோரும் கேட்பது "மெம்பர் 4" எனப்படும் அந்த நகலைத்தான். கையெழுத்திட்ட பின் பிழை தெரிந்தால், திருத்தத்தை டி.டி. 215 என்ற தனித்தாளாகத் தருவார்கள். இதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் காலம் பிடிக்கும். சில நண்பர்கள் மாவட்டப் பதிவகத்தில் இந்தச் சான்றைப் பதிந்து வைக்கச் சொல்வார்கள். சில மாநிலங்களில் அப்படிப் பதிந்தால் அது பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணமாகிவிடும் என்பதால், அதைக் கேட்டறியாமல் பதியாதீர்கள்.

3. பெயர்: தமிழர்களுக்கே உரிய சிக்கல்

இதை வேறு எந்த வழிகாட்டியும் சொல்லாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். கடவுச்சீட்டில் அது முழுப்பெயராக விரிந்திருக்கும். அமெரிக்க ஆவணங்களில் தந்தை பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். திருமணத்துக்குப் பின் சிலருக்குக் கணவரின் பெயர் அந்த இடத்துக்கு வந்திருக்கும். என் டி.டி. 214இல் ஒரு வரிசை, திருமணச் சான்றிதழில் இன்னொரு வரிசை, சமூகப் பாதுகாப்பு அட்டையில் மூன்றாவது வரிசை இருந்தது. பணியில் இருந்தவரை யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கணவரின் கணக்கில் என்னைச் சேர்க்கச் சென்ற நாளில், நானும் திருமணச் சான்றிதழில் உள்ள பெண்ணும் ஒருவரே என்று நிறுவ வேண்டியிருந்தது.

எங்கள் திருமணம் திருநெல்வேலியில் நடந்தது. கோயிலில் தந்த ரசீதும் அழைப்பிதழும் புகைப்படங்களும் இங்கே செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழே வேண்டும். அப்பா அலுவலகத்துக்கு நேரில் சென்று சான்றிட்ட நகல் வாங்கி அனுப்பினார். சான்றிதழ் தமிழில் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் தம் திறனையும் மொழிபெயர்ப்பின் துல்லியத்தையும் உறுதிகூறிக் கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். இந்த வேலையைப் பணிவிடுவிப்புக்கு ஆறு மாதங்கள் முன்பே முடித்துவிடுங்கள். முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பெயரைச் சரிசெய்யுங்கள், அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பிறகு பணியில் இருக்கும்போதே இராணுவப் பதிவேட்டில் அதே எழுத்துகளில், அதே வரிசையில் மாற்றுங்கள். அப்போதுதான் டி.டி. 214 அந்தப் பெயரோடு அச்சாகும்.

4. இழப்பீட்டு விண்ணப்பம்: பணியில் இருக்கும்போதே

வி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் படைவீரர் நலத்துறையிடம், பணியால் ஏற்பட்ட உடல், மனப் பாதிப்புகளுக்கு மாதாந்தர இழப்பீடு கோரலாம். படிவம் 21-526ஈ.இசட். விடுவிப்புக்கு 180 முதல் 90 நாட்கள் வரை இருக்கும்போது விண்ணப்பித்தால், நீங்கள் இன்னும் பணியில் இருக்கையிலேயே பரிசோதனைகளை முடிக்க முயல்வார்கள். இதற்கு நிகழ்காலப் பணியின் மருத்துவக் குறிப்புகளையும், பணிவிடுப்பு உடல்நல மதிப்பீட்டில் நீங்களே நிரப்பும் முதற்பகுதியையும் இணைக்க வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 45 நாட்கள் பரிசோதனைகளுக்குச் செல்லக்கூடிய இடத்தில் இருக்கவும் வேண்டும். அந்த 45 நாட்களில் ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். 90 நாட்களுக்கும் குறைவாக இருந்தால் இந்தச் சாளரம் மூடிவிடும், வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க முடியும்.

விடுபட்ட ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் இழப்பீட்டுக் கணக்கு விடுபட்ட மறுநாளிலிருந்தே தொடங்கும். ஆவணங்கள் கையில் இல்லாவிட்டால், விண்ணப்பிக்கும் நோக்கத்தைத் தெரிவிக்கும் 21-0966 படிவத்தை அனுப்பிவிடுங்கள். அது உங்கள் நாளை மேலும் ஓராண்டுக்குப் பாதுகாக்கும்.

இரட்டை நிலையில் இருப்பவர்கள் இங்கே ஒரு தொகையைத் தவறவிடுகிறார்கள். உங்கள் பாதிப்பின் அளவுக்கு நலத்துறை தரும் மதிப்பீடு 30 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வந்தால், வாழ்க்கைத்துணைக்காகவும் பிள்ளைகளுக்காகவும் கூடுதல் தொகை உண்டு. கணவர் முழு ஊதியத்தில் பணியில் இருந்தாலும் அவர் உங்கள் கணக்கில் உங்களுடைய துணையே. "அவர்தானே ஸ்பான்சர், நான்தானே அவரைச் சார்ந்திருக்கிறேன்" என்று எண்ணி நான் 21-686சி படிவத்தை நிரப்பாமல் விட்டேன். அவர் அலுவலகத்தில் நீங்கள் அவரைச் சார்ந்தவர், நலத்துறையில் அவர் உங்களைச் சார்ந்தவர். மதிப்பீட்டுக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் இந்தப் படிவத்தை அனுப்பினால் தொகை முந்தைய நாளிலிருந்தே கணக்கிடப்படும். இழப்பீட்டுக்கு மைய அரசின் வருமான வரி இல்லை.

விண்ணப்பத்தை நிரப்பித் தருவதாகச் சொல்லி, கிடைக்கும் இழப்பீட்டில் பல மாதத் தொகையைக் கேட்கும் நிறுவனங்கள் முகாம்களைச் சுற்றி நிறைய உண்டு. முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்கக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அங்கீகாரம் பெற்ற படைவீரர் சேவைப் பிரதிநிதிகள் இதை இலவசமாகச் செய்கிறார்கள். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் போன்ற அமைப்புகளிலும், பல மாவட்ட அலுவலகங்களிலும் அவர்கள் இருப்பார்கள். எனக்கு உதவியவர் என் மருத்துவக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, நான் மறந்தே போயிருந்த முழங்கால் காயத்தைக் கண்டெடுத்தார்.

5. டீர்ஸ்: கணவரின் கணக்கில் உங்களைச் சேர்ப்பது

இராணுவக் குடும்பங்களின் பெயர்ப்பதிவேடான டீர்ஸில் நீங்கள் இதுவரை பணியாளராக இருந்தீர்கள். விடுபட்டதும் உங்கள் பெயர் தானாகக் கணவரின் கீழ் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அவர் அடையாள அட்டை அலுவலகத்துக்கு வந்து 1172-2 படிவத்தில் கையெழுத்திட வேண்டும். டி.டி. 214, திருமணச் சான்றிதழின் மூலம், சமூகப் பாதுகாப்பு அட்டை, பிறப்புச் சான்றிதழ் அல்லது கடவுச்சீட்டு, புகைப்படத்துடன் கூடிய இரண்டு அடையாளங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கட்டணம் இல்லை. முன்பதிவு கிடைப்பதற்கே சில முகாம்களில் வாரக்கணக்காகும் என்பதால், விடுவிப்பு நாள் தெரிந்ததுமே அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு நேரத்தைப் பிடித்து வையுங்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, இறுதி விடுப்பு. மீதமிருக்கும் விடுப்பில் வீட்டில் இருக்கும் நாட்களிலும் நீங்கள் பணியாளரே, அதிகாரபூர்வ விடுவிப்பு நாள் வரை உங்களைத் துணையாகப் பதிய இயலாது. நான் விடுப்பின் முதல் வாரத்திலேயே போய்த் திரும்பி அனுப்பப்பட்டேன். இரண்டாவது, கணவரின் வெளிநாட்டுப் பணி. அவர் நேரில் வர முடியாதென்றால், நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட 1172-2 படிவமோ அதிகாரப் பத்திரமோ வேண்டும். முகாமின் சட்ட உதவி அலுவலகத்தில் அதிகாரப் பத்திரத்தை இலவசமாகவே எழுதித் தருவார்கள். புறப்படும் நாள் தெரிந்தவுடன் எழுதி வாங்கிவிடுங்கள்.

6. மருத்துவம்: ட்ரைகேர், வி.ஏ. இரண்டும் வேண்டும்

ட்ரைகேர் என்பது இராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான மருத்துவக் காப்பீடு. பணியாளரின் துணையாக அதன் பிரைம் திட்டத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் நிலை மாறிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் சேர்க்கை முடிந்துள்ளதா என்று நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறவிட்டால், நவம்பர்–டிசம்பரில் வரும் பொதுச் சேர்க்கைக் காலம் வரையோ அடுத்த குடும்ப நிகழ்வு வரையோ காத்திருக்க நேரலாம். அதுவரை இராணுவ மருத்துவமனையில் இடம் மிச்சமிருந்தால்தான் உங்களைப் பார்ப்பார்கள். விடுபடுவோருக்கென்று விலைக்குக் கிடைக்கும் தற்காலிகத் தொடர் காப்பீட்டை வாங்கும்படி யாராவது சொன்னால், பணியிலுள்ள துணை உங்களுக்கு இருக்கிறார் என்பதை நினைவூட்டுங்கள். அந்தச் செலவு உங்களுக்குத் தேவையில்லை. பல் காப்பீடு மட்டும் தனி. அதற்கு மாதக் கட்டணம் உண்டு, குறைந்தது 12 மாதங்கள் அதில் இருக்க வேண்டும்.

ட்ரைகேர் கிடைத்துவிட்டது என்று வி.ஏ. மருத்துவத்தைக் கைவிடுவதே நான் அதிகம் காணும் தவறு. 10-10ஈ.இசட். படிவத்தை நிரப்பிச் சேர்ந்துகொள்ளுங்கள், சேர்வதற்குக் கட்டணம் இல்லை. போர்ப்பகுதியில் பணியாற்றி, 2013 அக்டோபர் 1ஆம் நாளோ அதற்குப் பின்னரோ விடுபட்டவர்களுக்கு, 2022இல் வந்த பேக்ட் சட்டப்படி விடுபட்ட நாளிலிருந்து 10 ஆண்டுகள் விரிவாக்கப்பட்ட சேர்க்கை உரிமை உண்டு. பணியால் வந்ததென்று ஏற்கப்பட்ட நோய்க்கு அங்கே சிகிச்சைக் கட்டணம் இல்லை. ட்ரைகேர் உரிமை திருமணத்தையும் கணவரின் பணியையும் சார்ந்திருக்கிறது, வி.ஏ. உரிமை உங்களையே சார்ந்தது.

இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் எந்த உரிமையில் வந்திருக்கிறோம் என்பதை வரவேற்பு மேசையிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு இடத்து மருத்துவர்களும் ஒருவர் எழுதிய மருந்தை மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்பாதீர்கள். மருந்துப் பட்டியலைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வி.ஏ. மருத்துவ மையத்திலும் பெண் படைவீரர்களுக்கான திட்ட மேலாளர் ஒருவர் உண்டு. காத்திருப்பு அறையில் "உங்கள் கணவரின் எண் என்ன?" என்று மூன்றாவது முறையாகக் கேட்கப்பட்ட அன்று நான் அவரைத் தேடிப் போனேன். அதன்பின் என் பதிவுகள் என் பெயரில் நிலைபெற்றன.

7. வீட்டுப்படியும் ஆயுள் காப்பீடும்

பிள்ளைகள் இல்லாத இருவரும் பணியில் இருக்கும்போது, இருவருக்கும் "சார்ந்தோர் இல்லை" என்ற விகிதத்தில் வீட்டுப்படி வரும். நீங்கள் விடுபட்ட மறுநாளிலிருந்து கணவருக்கு "சார்ந்தோர் உண்டு" என்ற உயர் விகிதம் கிடைக்க வேண்டும். டீர்ஸில் பதிந்தால் மட்டும் ஊதியம் மாறாது. தரைப்படையில் டி.ஏ. 5960 படிவத்தையும் திருமணச் சான்றிதழையும் உங்கள் டி.டி. 214ஐயும் அவர் தம் பிரிவின் பணியாளர் அலுவலகத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் நான்கு மாதங்கள் பழைய விகிதத்திலேயே வாழ்ந்தோம். நிலுவை பின்னர் வந்துசேர்ந்தது என்றாலும், என் ஊதியம் நின்றுபோன அதே மாதங்களில்தான் அந்தப் பணம் எங்களுக்கு அதிகம் தேவைப்பட்டது.

பணிக்கால ஆயுள் காப்பீடு விடுபட்ட பின் 120 நாட்கள் இலவசமாகத் தொடரும். அதைப் படைவீரர் காப்பீடாக மாற்ற ஓராண்டும் 120 நாட்களும் அவகாசம் உண்டு, ஆனால் உடல்நலக் கேள்விகள் இல்லாமல் மாற்ற முதல் 240 நாட்கள் மட்டுமே. பாதிப்புகளோடு விடுபடுகிறவர்களுக்கு இந்த 240 நாட்கள் மிக முக்கியமானவை. கணவரின் காப்பீட்டின் கீழ் துணைக்கு 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். அதன் தவணை உங்கள் வயதைப் பொறுத்து அவர் ஊதியத்தில் பிடிக்கப்படும். ஊதியச் சீட்டில் அந்த வரியைப் பார்த்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்பதை இணையக் கணக்கில் தெளிவாகப் பதிவு செய்யுங்கள்.

8. படிப்பு: எந்த ஜி.ஐ. பில்?

என் பெரிய இழப்பு இங்கேதான். செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது, கணவர் தம்முடைய 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் எனப்படும் படைவீரர் கல்வி உதவியிலிருந்து சில மாதங்களை எனக்கு மாற்றித் தந்திருந்தார். கல்லூரியின் அலுவலர் திரையில் அதைக் கண்டு, அதன்படியே விண்ணப்பிக்கச் சொன்னார். கல்விக் கட்டணம் கட்டப்பட்டது. வீட்டுச் செலவுத் தொகை மட்டும் வரவேயில்லை. விதி இதுதான்: துணை பணியில் இருக்கும்போது, அவர் மாற்றித் தந்த உரிமையைப் பயன்படுத்தும் வாழ்க்கைத்துணைக்கு மாதாந்தர வீட்டுச் செலவுத் தொகை கிடையாது. நானோ 36 மாதங்களுக்கு மேல் பணியாற்றி என் சொந்த உரிமையை முழுமையாகச் சம்பாதித்திருந்தேன். அதைப் பயன்படுத்தியிருந்தால், கல்லூரி அமைந்துள்ள பகுதியில் சார்ந்தோருள்ள ஈ-5 ஊதிய நிலை வீரருக்குத் தரும் வீட்டுப்படிக்கு இணையான தொகை, கணவருக்கு வரும் வீட்டுப்படி எதையும் குறைக்காமல் எனக்கு வந்திருக்கும்.

ஆகவே உங்களுடைய உரிமைக்கு 22-1990 படிவம். மாற்றித் தரப்பட்டதற்கு 22-1990ஈ படிவம். ஓர் எழுத்துதான் வேறுபாடு. கல்லூரி அலுவலர் எதை நிரப்பச் சொன்னாலும், படிவத்தின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முழுக்க முழுக்க இணையவழியில் படித்தால், வீட்டுச் செலவுத் தொகை தேசியச் சராசரியின் பாதியாகக் குறையும் என்பதால், ஒரு பாடத்தையாவது வகுப்பறையில் எடுங்கள்.

என் தெளிவான கருத்து: உங்களுடையதை முதலில் பயன்படுத்துங்கள், அவருடையதைப் பிள்ளைகளுக்காக வைத்திருங்கள். தந்தை பணியில் இருந்தாலும் பிள்ளைகளுக்கு அந்த வீட்டுச் செலவுத் தொகை உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு மாற்றும் முடிவை அவர் பணியில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். குறைந்தது ஆறாண்டுப் பணி முடித்திருக்கவும், மேலும் நான்காண்டு பணியாற்ற ஒப்பவும் வேண்டும். விடுபட்டுவிட்ட நீங்கள் இனி உங்களுடையதை யாருக்கும் மாற்ற முடியாது. 2013 ஜனவரி 1ஆம் நாளோ அதற்குப் பின்னரோ விடுபட்டவர்களின் உரிமைக்குக் காலாவதி இல்லை, எனவே இடமாற்றம் வந்து படிப்பு நின்றுபோனாலும் கலங்க வேண்டாம்.

9. வேலையும் தொழில் உரிமமும்

மைய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் உரிய ஆவணங்களை ஏற்றிவிடுங்கள். படைவீரர் என்ற முறையில் முன்னுரிமைப் புள்ளிகள் கிடைக்கலாம்; ஆனால் எல்லாப் படைவீரர்களுக்கும் ஐந்து புள்ளிகள் உண்டு என்பது தவறான எண்ணம். 2010 ஆகஸ்ட் 31க்குப் பின்னரே பணியில் சேர்ந்தவர்களுக்கு, போர்ப்பணிப் பதக்கம் போன்ற கூடுதல் தகுதி வேண்டும். பணியால் ஏற்பட்ட பாதிப்பு ஏற்கப்பட்டிருந்தால் பத்துப் புள்ளிகள், அதற்கு எஸ்.எஃப். 15 படிவமும் நலத்துறையின் கடிதமும் தேவை. துணை என்ற முறையில், போட்டித் தேர்வு இல்லாமலே நியமிக்க அனுமதிக்கும் தனி விதி உண்டு. அதற்குத் திருமணச் சான்றிதழும் கணவரின் பணி ஆணையும் தேவை. பதக்கமும் இழப்பீடும் இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழியே பலமானது.

செவிலியர், ஆசிரியர் போன்ற உரிமம் பெற்ற தொழிலில் இருந்தால், கணவரின் இடமாற்றத்தால் வேறு மாநிலத்துக்குச் செல்லும்போது புதிய உரிமத்துக்கான செலவில் 1,000 டாலர் வரை திரும்பப் பெறலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், விண்ணப்பிக்க வேண்டியவர் கணவர். 2023 ஜனவரி முதல், ஆணையின் பேரில் இடம்பெயரும் துணையின் பழைய மாநில உரிமத்தைப் புதிய மாநிலம் ஏற்க வேண்டும் என்று மையச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்தபோது வழக்கறிஞர் தொழில் இதில் சேர்க்கப்படவில்லை. செவிலியர்களுக்குப் பல மாநிலங்கள் சேர்ந்த ஒப்பந்த உரிமமும் உண்டு, கலிபோர்னியா அதில் இல்லை.

10. வரிக்கான மாநிலம்

பணியில் இருந்தபோது, பணியமர்த்தப்பட்ட மாநிலத்தின் வருமான வரியிலிருந்து உங்களைப் பாதுகாத்த சட்டம் விடுபட்டதும் நின்றுவிடும். அந்த இடத்தில் துணைகளுக்கான பாதுகாப்பு தொடங்கும். உங்கள் சட்டபூர்வ மாநிலம், கணவருடையது, அவர் பணியமர்த்தப்பட்டுள்ள மாநிலம் ஆகிய மூன்றில் ஒன்றை இருவரும் வரிக்காகத் தேர்ந்தெடுக்கலாம். வருமான வரியே இல்லாத வாஷிங்டன், டெக்சாஸ் போன்றவை இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் தேர்வு எளிது. புதிய வேலையில் சேர்ந்த முதல் நாளே, மாநில வரி விலக்குப் படிவத்தைத் திருமணச் சான்றிதழோடும் கணவரின் ஊதியச் சீட்டோடும் கொடுத்துவிடுங்கள். பிடித்த பின் திரும்பப் பெற அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

11. வீட்டுக் கடன்: யார் பெயரில்?

இருவருக்கும் வி.ஏ. வீட்டுக் கடன் தகுதி உண்டு. முன்பணம் இல்லாமல் முதல்முறை வாங்குபவருக்குக் கடன் தொகையில் 2.15 விழுக்காடு நிதிக் கட்டணம், மறுமுறை 3.3 விழுக்காடு. இழப்பீடு பெறுபவருக்கு இந்தக் கட்டணம் முழுவதும் விலக்கு. 4,00,000 டாலர் கடனில் 2.15 விழுக்காடு என்பது 8,600 டாலர். விலக்கு என்பது எவருடைய தகுதியைப் பயன்படுத்துகிறோமோ அவரைப் பொறுத்தது என்பதால், உங்களுக்கு இழப்பீடு வந்துகொண்டிருக்க, கணவரின் தகுதியில் கடன் வாங்கினால் அந்தத் தொகையை வீணாகக் கட்டுவீர்கள். பணியில் இருப்பவர் என்பதால் கடன் வழங்குநர் பெரும்பாலும் அவர் பெயரையே முதலில் எழுதுவார். உங்கள் தகுதிச் சான்றை முன்கூட்டியே எடுத்து, அதை மேசையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். மதிப்பீடு வரும் முன்பே கடன் முடிந்துவிட்டால், இழப்பீடு தொடங்கும் நாள் கடன் முடிந்த நாளுக்கு முந்தியதாக இருக்கும்பட்சத்தில், கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

12. ஒவ்வோர் இடமாற்றத்தின்போதும்

கணவரின் இடமாற்ற ஆணை வந்ததும் முகவரியை நான்கு இடங்களில் தனித்தனியாக மாற்ற வேண்டும்: டீர்ஸ், ட்ரைகேர், வி.ஏ. இழப்பீட்டுப் பிரிவு, வி.ஏ. மருத்துவ மையம். ஒன்றில் மாற்றினால் மற்றவை தானாக மாறும் என்று இருந்துவிடாதீர்கள். பரிசோதனைக்கான கடிதம் பழைய முகவரிக்குப் போய், நீங்கள் வரவில்லை என்று குறிக்கப்பட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். நிலுவையில் உள்ள விண்ணப்பத்தை மாநிலம் மாறியதற்காகப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

ஐந்தாவதாக ஓர் இடமும் உண்டு. படையில் சேரும்போது கையெழுத்திட்ட மொத்தக் கடப்பாடு எட்டாண்டுகள். ஐந்தாண்டில் விடுபட்டால் மீதி மூன்றாண்டுகள் நீங்கள், தேவைப்பட்டால் மீண்டும் பணிக்கு அழைக்கப்படக்கூடியவர்களின் தனிநபர் ஆயத்த இருப்புப் படையில் இருக்கிறீர்கள். அவர்களுக்கும் உங்கள் முகவரி தெரிந்திருக்க வேண்டும், வருகைப் பதிவுக்கு அழைப்பு வந்தால் செல்லவும் வேண்டும். பிள்ளைகள் இருந்தால், கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது உங்களுக்கும் அழைப்பு வந்தால் அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் முடிவு செய்து, அந்தத் தாளை முதல் கோப்பில் டி.டி. 214க்குப் பின்னால் வையுங்கள்.